கவிழ்ந்த கரண்டி

கார்காலத்து நண்பகல். பெய்வதா விடுவதா என்று காலையிலிருந்தே முடிவுக்கு வராத தூறல் நகரின் மேல் தொங்கிக்கொண்டிருக்க, அலுவலகங்களின் வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, பசித்தவர்களையும் பசிக்க நேரமில்லாதவர்களையும் ஒருங்கே வீதியில் கொட்டிக்கொண்டிருந்தன. குடைகள் குடைகளோடு முட்டிக்கொண்டன. தாள்பொதிகளில் கட்டிய உணவை ஈருருளிகளில் ஏற்றிக்கொண்டு வழுக்கும் கல்தளத்தின்மேல் விரைந்தனர் சிலர். சுவரோரக் கடைகளில் நின்றபடியே விழுங்கிவிட்டு, கடைவாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே திரும்பினர் வேறு சிலர். உண்பது என்பது ஒரு வேலைக்கும் மறுவேலைக்கும் இடையே செய்து முடிக்கவேண்டிய மூன்றாவது வேலையாகிவிட்ட அந்த வீதியில், துணிக்கடை ஒன்றுக்கும் மருந்துக்கடை ஒன்றுக்கும் நடுவே, உயர்ந்த மரக்கதவும் தேய்ந்து மின்னும் பித்தளைக் கைப்பிடியுமாக, விரைவு என்ற சொல்லையே கேள்விப்படாததைப் போல நின்றிருந்தது ஒரு பழைய உணவுக்கூடம்.

அக்கதவைத் தள்ளிக்கொண்டு என்னோடு உள்ளே வாருங்கள், நயம் அறிந்த வாசகரே. குடையை வாயிலிலேயே விட்டுவிடலாம், வாங்கிக்கொள்ள அங்கே ஆள் உண்டு. காலடி ஓசையை விழுங்கிவிடும் தடித்த விரிப்பு, தரையைத் தொடும் வெண்துணி போர்த்திய இருபத்திரண்டு மேசைகள், விரல் பட்டாலே சிணுங்கும் மெல்லிய கண்ணாடிக் குவளைகள், உயரமான மூன்று சாளரங்கள், அவற்றின் கனத்த திரைகளின் இடுக்கு வழியே மழையில் கரைந்து வரும் சாம்பல் நிற ஒளி: இவையெல்லாம் இருந்தன, உண்பவர்கள்தாம் இல்லை. இருபத்திரண்டு மேசைகளில் ஐந்தில் மட்டுமே ஆள் இருந்தது. இடம் வேண்டுவோர் ஒரு திங்களுக்கு முன்பே சொல்லிவைத்துக் காத்திருந்த கூடம் இது என்று இப்போது சொன்னால், அங்கே வெறுமையாகக் கிடக்கும் நாற்காலிகளே நம்பா.

அக்கூடத்தில் உணவு அடுக்களையில் பாதிதான் முடியும். மீதிப் பாதி விருந்தினரின் கண்முன்னே, மேசையருகில் நடந்தேறும். முழு மீன் ஒன்று வெள்ளி மூடியின் கீழ் மறைந்து, சக்கர மேசையின்மேல் ஏறி, ஓசையின்றி உருண்டு வரும். சிறு சுடரடுப்பில் தட்டு சூடேறிக்கொண்டிருக்க, பரிமாறுநர் இரண்டே இரண்டு கரண்டிகளை ஒரே கையில் இடுக்கிபோலப் பிடித்து, தோலை உரித்து, மேற்சதையை நகர்த்தி, நடுமுள்ளைத் தலைமுதல் வால்வரை ஒரே வீச்சில் தூக்கி எடுத்து, பக்கமுட்களைத் தேடித் தேடி நீக்கி, சதையை மறுபடியும் மீனின் வடிவாகவே கூட்டிவைத்து, எலுமிச்சை பிழிந்த சூடான வெண்ணெயை அதன்மேல் ஊற்றி, விருந்தினரின் முன்னே வைத்துவிட்டு, அரை அடி பின்வாங்கி நிற்பார். விரல் எங்கும் பட்டிருக்காது. பேச்சும் இருக்காது.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. இக்கதை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. உண்ணுமிடத்தில் குறையை வாய்விட்டுச் சொல்வது, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒருங்கே தலைகுனிவு என்று கருதிய முதல் உரிமையாளர், அதற்கு ஒரு குறிப்பை ஏற்படுத்தி வைத்திருந்தார். உண்டு முடித்தவர் கரண்டியை நிமிர்த்தி வைத்தால் நிறைவு. கவிழ்த்து வைத்தால் குறை. கவிழ்ந்த கரண்டியைக் கண்ட பரிமாறுநர் தலைவணங்கித் தட்டை எடுத்துச் செல்லவேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அவ்விருந்தினரின் மேசைக்கு அதன்பின் அவர் போகவும் கூடாது. அடுத்த மேசையில் இருப்பவருக்குக்கூட நடந்தது தெரியாது. விருந்தினர் இடும் தீர்ப்பு அது. வேறு எவரும் அதை இடவும் முடியாது, மாற்றவும் முடியாது.

முப்பத்தோராண்டுகளாக அக்கூடத்தில் மீன் பிரித்த ஒருவர் இருந்தார். அவர் பரிமாறிய மேசையில் ஒருமுறைகூடக் கரண்டி கவிழ்ந்ததில்லை. பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை என்று புலவர்கள் பாடியதை எவரும் கண்ணால் கண்டதில்லை, முள்ளையும் சதையையும் பிரிக்கும் பறவையோ தினமும் நம் அடுக்களை வழியே போய்வருகிறது என்று, கேலி பாதியும் மெய் பாதியுமாக, தலைமைச் சமையற்காரர் அவருக்கு அன்னத்தார் என்று பெயரிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. நெடிய உடலும் நரைத்த புருவமும் கறுப்பு மேலங்கியுமாகக் கூடத்தின் நடுவே அவர் நடந்து வருவதைப் பார்த்தால் பெயர் பொருந்தியே இருந்தது. பெயர் இட்டவருக்கும் நாளடைவில் கேலி மறந்துபோயிற்று.

முதல் உரிமையாளர் மறைந்தபின் கூடம் அவருடைய மகளின் கைக்கு வந்தது. கெட்டவள் அல்லள் அப்பெண். காற்றின் திசை அறிந்தவள். பகலையே மாலையாக்கிக் காட்டும் மங்கலான விளக்குகளை மாட்டினால் இளையோர் வருவார்கள் என்று யாரோ சொல்ல, உச்சியில் எரிந்த பெருவிளக்குக் கொத்தை இறக்கிவிட்டு, மேசைக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு மஞ்சள் விளக்குகளை வைத்தாள். சாளரங்களுக்கும் கனத்த திரையிட்டாள். பிறகு ஒரு வியாழக்கிழமை நண்பகலில், சாளரத்தோர மேசையின் அருகே நின்றபடி, தான் பிறந்ததிலிருந்து மாமா என்றே அழைத்துப் பழகிய அன்னத்தாரிடம் தன் எண்ணத்தைச் சொன்னாள்.

"மாமா, இந்தச் சக்கர வண்டி மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. அப்பா ஞாபகமா இருக்கட்டும். ஆனா ஒரே ஒரு கரண்டி கவுந்தாலும் அன்னிக்கே வண்டி உள்ள போயிடும். அப்புறம் எல்லாத் தட்டும் சமையல்கட்டுல இருந்தே வரும்."

"கவுந்தா நானே தள்ளிட்டுப் போயிடறேம்மா" என்றார் அன்னத்தார், சற்றே சிரித்து. முப்பத்தோராண்டு நிமிர்ந்திருந்த கரண்டிகள் அவருடைய முதுகையும் நிமிர்த்தி வைத்திருந்தன. தம் கண்களில் புரை விழத் தொடங்கியிருந்ததை அவர் அறிந்தும் அறியாதவராகவே இருந்தார்.

அவ்வுரையாடலைச் செவிமடுத்த மூன்றாமவர் ஒருவர் உண்டு. சாளரத்தோர மேசையில் வியாழன்தோறும் தனியே வந்தமரும் அம்மையார் அவர். நீண்டகாலம் நடுவராக அமர்ந்து, எத்தனையோ பேருடைய பொய்களை முகத்தைப் பார்த்தே பிடித்து, ஓய்வுபெற்றவர். கூடத்து ஊழியர் அனைவருக்கும் அவர் ஜட்ஜம்மா. கணவரை இழந்த ஆண்டிலிருந்து பதினெட்டு ஆண்டுகளாக ஒரே நாள், ஒரே மேசை, ஒரே மீன். வீட்டில் தமக்கென்று ஒரு தட்டை எடுத்துவைக்க மனம் வராத அவருக்கு, வாரத்தில் ஒருநாள் தம்மையும் ஒரு பொருட்டாக மதித்து ஒருவர் முள் நீக்கித் தருகிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்னத்தாரோடு அவர் பேசியவற்றை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் நிரம்பாது. ஆயினும், அந்நகரில் தம்மை முழுதும் அறிந்தவர் அவர் ஒருவரே என்று அம்மையார் கருதினார்.

இரண்டு வாரம் கழித்து, மஞ்சள் விளக்கின் கீழ், வெண்ணெய் மினுங்கும் வெண்சதையின் நடுவே, நூலிழை போன்ற முள் ஒன்று அவர் நாவில் பட்டது. அம்மையார் மெல்லுவதை நிறுத்தினார். அன்னத்தார் வழக்கம்போல இடத்தோளுக்கு அரை அடி பின்னால், தம் கைவண்ணத்தில் ஐயமே இல்லாதவராய் நின்றுகொண்டிருந்தார். கூடத்தின் மறுகோடியில் உரிமையாளர் நின்றிருந்தாள். வாழ்நாள் முழுதும் சான்றுகளை வெளியே எடுத்துவைக்கும்படி பிறரை வற்புறுத்திய அந்த அம்மையார், இதழைத் துடைப்பவர்போல மடியில் கிடந்த வெண்துணியை உயர்த்தி, முள்ளை அதன் மூலையில் வாங்கி, மேசைக்கடியில் அம்மூலையை ஒரு முடிச்சாக முடிந்தார். உண்டு முடித்ததும் கரண்டியை நிமிர்த்தி வைத்தார்.

வாசகரே, அம்முடிச்சு எங்கே போய் அவிழ்ந்தது என்று பார்ப்போம். கூடத்தின் பின்கட்டில், ஆவியும் சோப்பு மணமும் நிறைந்த துணிவெளுக்கும் அறையில், இருபதாண்டுகளாக மேசைத்துணிகளையும் மடித்துணிகளையும் துவைத்துத் தேய்த்து அடுக்கி வந்தவர் அன்னத்தாரின் மனைவி. ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் மேசையின் எண் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கும். சாளரத்தோர மேசையின் துணியில் முடிச்சு இருப்பதைக் கண்டு அவிழ்த்தவர், உள்ளே இருந்ததை ஒரு கணம் பார்த்துவிட்டு, தற்செயல் என்றே எண்ணினார். அடுத்த வியாழனும் முடிச்சு. உள்ளே இரண்டு முட்கள். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. வெறுத்துத் துப்பியவர் முடிச்சுப் போடமாட்டார். தரையில் விழுந்து பிறர் கண்ணில் படக் கூடாதே என்று அஞ்சியவர்தாம் போடுவார். இதைப் புரிந்துகொள்ள அவ்வம்மைக்கு நெடுநேரம் ஆகவில்லை. புரிந்தபின் அங்கேயே, ஈரத்துணிக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அவர் சும்மா இருக்கவில்லை. கண்ணை ஒருமுறை காட்டிவிட்டு வரலாமே என்று சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தார். தலைவலிக்கு நல்லது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் புரை எடுத்துக்கொண்டு இளைஞர்போல நடப்பதைப் புகழ்ந்தார். மீனைத் தாம் கண்ணால் பிரிப்பதில்லை, கைக்குத் தெரியும் என்று அன்னத்தார் தட்டிக்கழித்தார். ஒருநாள் மனைவி சற்று அழுத்திச் சொன்னபோது அவர் குரலில் சூடு ஏறிற்று.

"என் கண்ணு மங்கிப் போச்சுன்னா மேசையில தெரியாதா? எல்லாக் கரண்டியும் நிமிர்ந்துதானே கெடக்கு."

முள் வந்ததைச் சொன்னால் சக்கர மேசை உள்ளே போய்விடும். அது போனால் அதன் பின்னே நடக்கும் மனிதரும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவார் என்று அவ்வம்மை அஞ்சினார். ஆகவே அவர் வேறொன்று செய்தார். மறு வியாழன், சாளரத்தோர மேசைக்குப் போகும் துணியின் மடிப்புக்குள் உள்ளங்கை அகலத்தில் இன்னொரு சிறு துணியை ஒளித்து மடித்து அனுப்பினார். துணியை விரித்த நடுவர் அம்மையார் அச்சிறு துணியைக் கண்டு திகைத்து, அடுக்களைக் கதவின் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பின்பு ஒன்றும் நடவாததுபோல அதை மடியில் வைத்துக்கொண்டார். அன்றுமுதல் முட்கள் சிறு துணியிலும், சிறு துணி பெருந்துணியிலுமாகப் பொதிந்து வந்தன. முகம் பார்த்துப் பேசியறியாத இரு பெண்கள், ஒருவர் உண்ணுமிடத்திலும் ஒருவர் வெளுக்குமிடத்திலுமாக இருந்து, நடுவே நிமிர்ந்து நடந்த ஒரு மனிதரை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தனர். எட்டுத் திங்கள் இப்படியே கழிந்தது. அன்பினால்தான் செய்தனர், ஆனாலும் அது தவறுதான் என்று சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

கதையின் தொடக்கத்தில் நாம் உள்ளே நுழைந்த அம்மழை நண்பகல் அந்த எட்டாம் திங்களில் வந்தது. அன்று உரிமையாளர் புதியவர் இருவரை அழைத்து வந்து கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். சாளரத்தோர மேசைக்கு வந்திருந்த சக்கர மேசையின் அருகே அவர்கள் நின்றதும், அன்னத்தார் முதுகை இன்னும் சற்று நிமிர்த்தி, கரண்டிகளை இன்னும் சற்று எழிலாகச் சுழற்றினார். நடுமுள் ஒரே வீச்சில் எழுந்தது, புதியவர் இருவரும் வியந்தனர். விலாப்பக்கத்து முள்ளொன்று முறிந்து சதைக்குள்ளேயே தங்கிவிட்டதை அவரும் காணவில்லை, அவர்களும் காணவில்லை.

முதலிரு கவளங்களில் அகப்பட்ட சிறு முட்கள் சிறு துணிக்குள் போயின; மூன்றாவது கவளத்தில் அந்த முறிந்த முள் நடுவர் அம்மையாரின் தொண்டையில் குத்தி நின்றது. இருமினால் எல்லாரும் திரும்புவர். மூவரும் இரண்டடி தொலைவில் நின்று தம்மையே பார்க்கின்றனர். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்துப் பருகினார். முள் இன்னும் கீழே இறங்கிப் பதிந்தது. கண்ணில் நீர் தளும்ப, துணியை வாயில் ஒற்றி, அதில் படிந்த சிவப்பைத் தாம் மட்டும் பார்த்து, உள்மடிப்பாக மடித்து, தட்டின் பக்கத்தில் வைத்தார். மீனில் பெரும்பாகம் அப்படியே இருந்தது. கரண்டியை எடுத்தார். நிமிர்த்தி வைத்தார். எழுந்தவருக்கு அன்னத்தார் மேலங்கியைப் பிடித்துக்கொடுக்க, கைகளை நுழைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்லும் நன்றியைச் சொல்ல இயலாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு, நேராக நடந்து மழைக்குள் போனார். ஏதோ விரைவான வேலை போலும் என்று அன்னத்தார் நினைத்தார். நிமிர்ந்த கரண்டியை எடுத்துத் துடைத்து, ஒளியில் காட்டிப் பார்த்து, நிறைவோடு அதனிடத்தில் வைத்தார்.

மறு வியாழன் அம்மேசை வெறுமையாக இருந்தது. பிற்பகலில் அம்மையாரின் அண்ணன் மகள் வந்து, அத்தைக்குத் தொண்டையில் ஏதோ சதை வளர்ந்து அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதாகவும், பேச்சு வரவில்லை என்றும், பழையபடி வருமா என்று மருத்துவர்களே உறுதி சொல்லவில்லை என்றும், சில நாள் மேசையைப் பிறருக்குக் கொடுத்துவிடும்படி அத்தையே எழுதிக்கொடுத்ததாகவும் சொல்லிப் போனாள்; சதை என்பதும் அத்தை எழுதிக்கொடுத்த சொல்தான். கேட்ட அன்னத்தார் கலங்கினார். கலங்கியவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆறுதல் தேடினார். தெளிந்த காய்ச்சாறு எடுத்துத் தரும்படி சமையற்காரரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு, பாத்திரத்தைச் சுற்ற நல்ல துணியாக ஒன்று வேண்டுமென்று பின்கட்டுக்கு வந்தார்.

மனைவி எழுந்து போய், அடுக்கின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார். ஒரு வாரமாக அவர் வெளுக்க மறுத்து ஒளித்து வைத்திருந்த துணி அது. ஓரத்தில் சாளரத்தோர மேசையின் எண், நடுவில் காய்ந்து கறுத்த கறை, உள்ளே சிறு துணி, அதனுள் முட்கள்.

கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தும் புரியாமல் நின்றவருக்கு, எட்டுத் திங்கள் கதையை அவ்வம்மை, தம் பங்கையும் மறைக்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னார். அன்னத்தார் துணியை மறுபடி மடித்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வாய் வரலைங்க. தினம் சாயங்காலம் வந்து, இன்னிக்கும் ஒண்ணும் கவுறலன்னு சொல்லுவீங்க. அந்த முகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்லுவேன்?"

அவர் மனைவியைக் கடிந்துகொள்ளவில்லை. சுவரில் கைவைத்துச் சாய்ந்துகொண்டார். தம் கையால் ஒரு பெண்மணியின் குரல் போயிற்று என்பது ஒரு துயரம். அதனினும் கொடியது ஒன்று மெல்ல அவருள் எழுந்தது: நிமிர்ந்திருந்த இக்கரண்டிகள் பொய் என்றால், அதற்கு முந்தியவை எத்தனை மெய்? புரை விழாத காலத்துக் கரண்டிகளும் இரக்கத்தால் நிமிர்ந்தவைதாமோ? முப்பத்தோராண்டில் தாம் நன்றாகப் பரிமாறிய நாள் ஒன்றேனும் உண்டா, இல்லையா? இதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தாம், அவருக்கோ பேச்சில்லை.

அன்றே அவர் உரிமையாளரிடம் போய் நடந்ததைச் சொல்லி, சக்கர மேசையை உள்ளே தள்ளிவிடப் போவதாகக் கூறினார். அவள் முகம் வெளுத்தது, கண்ணும் கலங்கியது. ஆயினும் ஒப்புக்கொள்ளவில்லை. விருந்தினர் குறை சொல்லாதபோது பரிமாறியவரே தம்மேல் குறை சொல்லிக்கொள்வது கூடத்தின் வழக்கத்தில் இல்லை என்றாள். கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தால் எல்லாம் முன்போல நடக்கும் என்றாள். அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். இதுவும் இன்னொரு நிமிர்ந்த கரண்டி என்று அன்னத்தாருக்குத் தோன்றியது. காய்ச்சாற்றுப் பாத்திரத்தையும், கூடத்து வெள்ளிக் கரண்டி ஒன்றையும், வெளுத்த துணி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, மனைவியின் கையைப் பற்றியபடி மருத்துவமனைக்கு நடந்தார்.

மாலையின் கடைசி ஒளி சாளரத்தின் வழியே படுக்கையில் விழுந்திருந்தது. கழுத்தில் கட்டோடு சாய்ந்தமர்ந்திருந்த நடுவர் அம்மையார் அவரைக் கண்டதும் முதலில் செய்தது, கலைந்திருந்த கூந்தலை ஒதுக்கிப் போர்வையைச் சீராக்கிக்கொண்டதுதான். தெளிந்த நீருணவைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம் என்று செவிலி இசைவு தந்தாள். அன்னத்தாரின் மனைவி வாயிலிலேயே நின்றுவிட்டார். அன்னத்தார் படுக்கை மேசையின்மேல் துணியை விரித்து, அங்கிருந்த பீங்கான் கிண்ணத்தையும் தட்டையும் சூடான நீரால் கழுவித் துடைத்து, சாற்றை ஊற்றி, கரண்டியை அதன் வலப்புறத்தில் வைத்து, இடத்தோளுக்கு அரை அடி பின்னால் போய் நின்றார். அந்தச் சிற்றறையில் அந்தக் கணம் அப்பழைய கூடம் முழுதும் வந்து நின்றது என்றே சொல்லவேண்டும். அம்மையார் வலியைப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொரு மிடறுக்கும் இடையே இளைப்பாறி, கிண்ணத்தில் பாதியை உண்டார்.

உண்டு, கரண்டியை நிமிர்த்தி வைத்தார்.

அன்னத்தார் தலைவணங்கவில்லை. மேலங்கிப் பையிலிருந்து கறைபட்ட துணியை எடுத்து, கிண்ணத்தின் அருகே வைத்தார். அம்மையாரின் கண்கள் அதைப் பார்த்தன. பிறகு வாயிலில் நின்ற பெண்ணைப் பார்த்தன. அவ்விருவரும் அப்போதுதான் முதன்முறையாக ஒருவரையொருவர் கண்டனர்.

"அம்மா, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வரல. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல" என்றார் அன்னத்தார். "நீங்க இன்னிக்கும் நிமிர்த்தியே வச்சா, பதினெட்டு வருஷமா வச்சது எல்லாம் எனக்குப் பொய்யாப் போயிடும். நல்லா இல்லாத அன்னிக்கு நல்லா இல்லன்னு சொன்னாதாம்மா, நல்லா இருந்த நாள் நெஜம். ஒரே ஒருதடவ, தீர்ப்பச் சொல்லிடுங்க."

அம்மையார் தலையை அசைத்து மறுத்தார். மறுபடியும் மறுத்தார். கண்களை மூடிக்கொண்டார்; மூடிய இமைகளினூடே நீர் வழிந்தது. எத்தனையோ பேருடைய விதியை எழுதிக் கையொப்பமிட்ட அந்தக் கை, போர்வையின்மேல் நெடுநேரம் அசையாமல் கிடந்தது. அன்னத்தார் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அம்மையாராக முடிவு செய்யும்வரை நிற்பதுதானே அவர் கற்ற தொழில். வெளியே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

பின்னர் வெள்ளி உலோகம் பீங்கானில் மெல்ல உரசும் ஓசை கேட்டது.

நீர் நிறைந்திருந்த கண்ணும் புரை விழுந்த கண்ணும் ஒன்றேயாகையால், அன்னத்தாருக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தோராண்டில் விருந்தினரின் உணவில் விரல் படவிட்டறியாதவர், அன்று குனிந்து, சுட்டுவிரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார். குழிவு இல்லை. வளைந்த முதுகு வழுவழுவென்று விரலுக்கு எதிர்ப்பட்டது. கைக்குத் தெரிந்தது.

அன்னத்தார் தலைவணங்கினார். ஏன் என்று கேட்கவில்லை. கிண்ணத்தைத் தட்டோடு இரு கைகளாலும் எடுத்துக்கொண்டு, இரண்டடி பின்வாங்கி, திரும்பி, கரண்டி உருண்டுவிடாதபடி மெல்ல நடந்து வெளியேறினார். நடையில் மட்டும் ஒரு மாற்றம் இருந்ததை மனைவி கண்டார். அன்று பிற்பகல் வளைந்துபோன முதுகு சற்றே நிமிர்ந்திருந்தது. அம்மையாரை அவர் அதன்பின் பார்க்கவில்லை, வழக்கம் அப்படி. அவ்வம்மையாருக்குக் குரல் திரும்பவுமில்லை. அடுத்த கார்காலம் வருமுன் அவர் மறைந்தார் என்ற செய்தி அண்ணன் மகளின் கடிதமாக வந்தது.

சக்கர மேசையைச் சொன்னபடி அவரே உள்ளே தள்ளிக்கொண்டு போனார். இப்போது அக்கூடத்தில் இருபத்திரண்டு மேசையிலும் ஆள் உண்டு. முள்ளில்லாத மீன் துண்டங்கள் அடுக்களையிலேயே அடுக்கப்பட்டு வருகின்றன. குறை உள்ளவர்கள் அதை ஊருக்கெல்லாம் எழுதிப் போடுகிறார்கள், எழுதப்பட்டவர் அதைக் கடைசியாக அறிகிறார். கரண்டி எப்படிக் கிடந்தாலும் எவரும் பார்ப்பதில்லை. பசி ஆறுகிறது, அதற்குமேல் ஒன்று அங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலர்.

அன்னத்தாரின் வீட்டில் இன்று மனைவிதான் மீனுக்கு முள் எடுத்து வைக்கிறார். பழகாத கை, சிலநாள் தவறும். நன்றாக இருந்த அன்று அன்னத்தார் கரண்டியை நிமிர்த்தி வைக்கிறார். முள் தட்டுப்பட்ட அன்று, ஒரு சொல்லும் சொல்லாமல், மெல்லக் கவிழ்த்து வைக்கிறார். மனைவி அதைப் பார்த்து, ஏன் என்று கேட்காமல், தட்டை எடுத்துச் செல்கிறார்.